புல்லுத்தைலம் எடுத்த சக்கைய என்ன பண்ணலாம்: அடுப்பு, வயல், குவியல், கேஸ் டேங்க்

இடுக்கி மலைல மறையூர், கோவில்கடவு, காந்தளூர் பக்கம் புல்லுத்தைலம், அதாவது எலுமிச்சம் புல்லுத் தைலம், எடுக்குறவங்க யார்கிட்ட பேசினாலும் தைலத்தோட வெலய பத்தி எவ்வளவு நேரம் வேணாலும் பேசுவாங்க, சக்கைய பத்தி யாரும் பேசுறதில்ல. ஆனா கணக்கு போட்டு பாருங்க, 100 கிலோ பச்சைப் புல்ல அண்டாவுல அடுக்கி ஆவி விட்டா தைலமா வர்றது 300 கிராம்ல இருந்து 500 கிராம் வரைக்கும்தான். போட்ட புல்லு கிட்டத்தட்ட அப்படியே நனைஞ்ச சக்கையா வெளிய வருது, அடுத்த ஈடு போடணும்னா அத அள்ளி எங்கயாவது கொட்டியே ஆகணும். எங்க கொட்டுறோம்ங்கறதுலதான் நம்ம மண்ணுக்கும் ஓடைக்கும் நல்லதோ கெட்டதோ நடக்குது. அதனால இருக்குற வழிகள ஒண்ணொண்ணா வச்சு பாத்து, எது யாருக்கு சரிப்படும்னு எனக்கு தோணுறத இங்க எழுதுறேன்.

இத எழுத வச்சது எங்க அண்ணன் மகன் கேட்ட கேள்விதான். "சித்தப்பா, இந்த தைலம் கொசுவ வெரட்டுது, கிருமிய கொல்லுதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கான், அந்த சக்கைய கொண்டு போயி பூண்டுக் காட்டுல போட்டா மண்ணுல இருக்குற நல்ல பாக்டீரியாவும் சேந்து சாகாதா"ன்னு கேட்டான். ரொம்ப சரியான கேள்வி. இதுக்கு பதில் தெரிஞ்சுக்கிட்டா சக்கைய என்ன பண்றதுங்கற முடிவு பாதி எடுத்த மாதிரிதான், அதனால முதல்ல அத கொஞ்சம் விரிவாவே பாத்துருவோம்.

தைல வாசனைக்கு காரணமான பொருளுங்க எல்லாம் டெர்பீன்ங்கற குடும்பம். நம்ம புல்லுத்தைலத்துல முக்கால் பங்குக்கு மேல இருக்குறது சிட்ரால், யூகாலித் தைலத்துல சினியோல், ஆரஞ்சு எலுமிச்ச தோல்ல லிமோனீன், பைன் மரத்துல பைனீன், அப்புறம் கற்பூரம். இதுல எல்லாத்துலயும் கார்பன் 10 இருக்கும், செடி இத தன்ன பூச்சியும் பூஞ்சானமும் தின்னாம இருக்கத்தான் தயார் பண்ணி வச்சிருக்கு. பாக்டீரியாவுக்கு இது எப்படி தொந்தரவு குடுக்குதுன்னா, டெர்பீன் தண்ணில ரொம்ப கொஞ்சம்தான் கரையும், எண்ணெய்லதான் நல்லா கரையும், பாக்டீரியாவோட மேல் சவ்வு கொழுப்பால ஆனது, அதனால டெர்பீன் நேரா போயி அந்த சவ்வுக்குள்ள உக்காந்துக்கிட்டு சவ்வ ஒழுக விட்டுருது. சிட்ரால் இன்னும் ஒரு படி மேல, அது ஆல்டிஹைடு வகைங்கறதால புரதத்தோடயும் போயி ஒட்டிக்கும். பாட்டில்ல போட்டிருக்குறது பொய் கிடையாது, அடர்த்தியா இருந்தா கொல்லத்தான் செய்யும்.

ஆனா அதே பொருள் பாக்டீரியாவுக்கு சாப்பாடும்தான், பத்து கார்பன் கொண்ட எரிபொருள் அது, மண்ணுல இருக்குற கூட்டத்துல ஏதோ ஒண்ணு அத திங்க கத்துக்காம விடுமா. 1960லயே சாய்பெர்ட்னு ஒருத்தர் மண்ணுல இருந்து ஒரு பாக்டீரியாவ பிரிச்சு எடுத்து சூடோமோனாஸ் சிட்ரோனெல்லோலிஸ்னு பேர் வச்சாரு, சிட்ரோனெல்லாப் புல்லுல இருக்குற சிட்ரோனெல்லோல மட்டும் குடுத்தா அத மட்டுமே தின்னு வளரும் அது. நம்ம எலுமிச்சம் புல்லுக்கு சொந்தக்காரப் புல்லுதான் சிட்ரோனெல்லா, அதனால இந்த வழி நமக்கும் பொருந்தும். சிட்ரால் கிடைச்சா இந்த மாதிரி பாக்டீரியா முதல்ல அத ஜெரானிக் ஆசிடா மாத்திரும், மாத்தினதுமே அந்த புரதத்துல ஒட்டுற விஷத்தன்ம போயிரும். அதுக்கப்புறம் கொழுப்ப வெட்டுற மாதிரி ரெண்டு ரெண்டு கார்பனா வெட்டிக்கிட்டே போகணும், ஆனா வெட்ட வேண்டிய எடத்துல மெத்தில்னு ஒத்தக் கார்பன் கிளை ஒண்ணு குறுக்க நிக்குது, துணி தைக்கும்போது நூல்ல முடிச்சு விழுந்து ஊசி நின்ன மாதிரி. அதுக்கு இந்த பாக்டீரியா வச்சிருக்குற வழி என்னன்னா அந்த கிளை மேலயே ஒரு கார்பன் டையாக்சைட கொண்டு வந்து ஒட்டி, கிளைய பெருசாக்கி, மொத்தமா அசிட்டேட்ங்கற ரெண்டு கார்பன் துண்டா கழட்டி எடுத்துரும், மிச்சம் இருக்குற சங்கிலிய வழக்கம் போல வெட்டி தின்னுரும். இத படிச்ச அன்னிக்கு எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமா இருந்துச்சு, கண்ணுக்கு தெரியாத ஒரு உயிர் ஒரு கிளைய எடுக்க அந்த கிளைய முதல்ல வளத்து விடுது.

கற்பூரத்த திங்கிற சூடோமோனாஸ் பூட்டிடாங்கற பாக்டீரியாவோட கதை இன்னும் பிரபலம். அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல கன்சாலஸ் குழு 1960கள்ல இருந்து இத நோண்டிக்கிட்டே இருந்தாங்க. காத்துல இருக்குற ஆக்சிஜன் மூலக்கூற பிடிச்சு, ஒரு அணுவ கற்பூரத்துல செருகி, இன்னொண்ண தண்ணியா விடுற ஒரு என்சைம் அதுல இருந்துச்சு, பி450 கேம்னு பேரு. மனுசன் கல்லீரல்ல மருந்த உடைக்கிறதும் இந்த பி450 குடும்பம்தான், அந்த குடும்பத்துல முதல் முதல்ல உருவம் முழுசா தெரிஞ்சது இந்த கற்பூர என்சைமுக்குத்தான், 1980கள்ல. இந்த திறமைக்கான ஜீன்கள் பாக்டீரியாவோட முக்கிய டிஎன்ஏல இல்லாம பிளாஸ்மிட்னு சொல்ற தனி வளையத்துல இருக்குன்னு கண்டுபிடிச்ச கூட்டத்துல நம்ம நாட்டு வங்காளத்துக்காரர் ஆனந்த சக்ரவர்த்தியும் இருந்தாரு. பின்னாடி அவர் பெட்ரோலிய எண்ணெய திங்க ஒரு பாக்டீரியாவ உருவாக்கினப்ப அதுக்குள்ள சேத்த பிளாஸ்மிட்ல ஒண்ணு இந்த கற்பூர பிளாஸ்மிட்தான், அதுக்கு காப்புரிமை குடுக்கலாம்னு 1980ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. பிளாஸ்மிட்ட ஒரு பாக்டீரியா இன்னொண்ணுக்கு குடுக்க முடியும், அதனால ஒரு குவியல்ல ஒண்ணு கத்துக்கிட்டது மத்ததுக்கும் பரவ வாய்ப்பு இருக்கு, இது நமக்கு பின்னாடி உதவும்.

இப்ப முக்கியமான விசயம். மேல சொன்ன வேலைல பெரும்பகுதிக்கு காத்து வேணும். கற்பூரம், லிமோனீன், பைனீன், சினியோல் இதையெல்லாம் உடைக்க பொதுவா முதல் வெட்டுக்கே ஆக்சிஜன செருகணும். சிட்ரால்ல ஏற்கனவே ஒரு ஆக்சிஜன் இருக்குறதால ஆரம்பம் கொஞ்சம் சுலபம், ஆனாலும் தின்னத எரிச்சு சக்தி எடுக்க மூச்சு விடணுமே. காத்து இல்லாமயும் டெர்பீன் திங்கிற பாக்டீரியா இருக்கு, ஜெர்மனி பிரெமன்ல இருக்குற மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்காரங்க அப்படி ஒண்ண 1990கள்ல பிரிச்சு எடுத்து விவரிச்சாங்க, இப்ப அதுக்கு காஸ்டெல்லானியெல்லா டிஃப்ராக்ரன்ஸ்னு பேரு, அது ஆக்சிஜனுக்கு பதிலா நைட்ரேட்ட வச்சு மூச்சு விடும். நைட்ரேட்டும் இல்லாத இருட்டு டேங்குல இந்த வேலை ரொம்ப மெதுவாத்தான் நடக்கும். ஆக, சக்கை மண்ண கெடுக்குமாங்கற கேள்விக்கு என் பதில் இதுதான்: காத்து போற எடத்துல போட்டா பாக்டீரியா தைலத்த தின்னுரும், காத்து போகாத எடத்துல அமுக்கி வச்சா தைலம் பாக்டீரியாவ அமுக்கும். இந்த ஒண்ண வச்சே இனி ஒவ்வொரு வழியையும் பாக்குறேன்.

அடுப்புல எரிக்கிறது. நம்ம ஆளுங்க காலங்காலமா பண்றது இது, இத தப்புன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா சக்கைய எரிக்கலன்னா அடுப்புக்கு காட்டு வெறகுதான் வெட்டணும், சின்னாறு காட்ட ஒட்டி இருக்குற நாம அத பண்றதுக்கு சக்கைய எரிக்கிறது எவ்வளவோ மேல். ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல காஞ்சா போதும், நம்ம பக்கம் மழ மறைவு பிரதேசம், வெயிலுக்கு பஞ்சமில்ல. ஈரத்தோட எரிச்சா பொகதான் வரும், சூடு வராது. எரிச்சா நைட்ரஜன் எல்லாம் காத்தோட போயிரும், பொட்டாசியம், கால்சியம், கொஞ்சம் பாஸ்பரஸ் மட்டும் சாம்பல்ல நிக்கும், அத காட்டுக்கு போட்டா புளிப்பான மலை மண்ணுக்கு நல்லதுதான். ஆனா ஒரு அடுப்புக்கு அந்த ஈட்டுக்கு தேவையான அளவு போக மிச்சம் எப்பவும் குமியுது, அந்த மிச்சத்த வயல் ஓரத்துல போட்டு கொளுத்துறாங்க பாருங்க, அத மட்டும் யாரும் பண்ணாதீங்க. ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் மலை முழுக்க காஞ்சு கெடக்கும், ஒரு பொறி போதும், அதோட மண்ணுக்கு போக வேண்டிய கார்பன் மொத்தமும் பொகையா போகுது.

நேரா வயல்ல மூடாக்கா போடுறது. உழைப்பு கம்மி, அள்ளிட்டு போயி பரப்பினா முடிஞ்சுது. மெலிசா பரப்பும்போது காத்து நல்லா படும், மிச்ச தைலத்துல ஒரு பகுதி வெயில்ல ஆவியாகியே போயிரும், மிச்சத்த மேல் மண்ணு பாக்டீரியா பாத்துக்கும். இதுக்கு ஒரு பெரிய உதாரணமே இருக்கு. கோஸ்டா ரிகா நாட்டுல ஜூஸ் கம்பெனி ஒண்ணு 1990கள்ல சுமார் 12,000 டன் ஆரஞ்சு சக்கையையும் தோலையும் தேஞ்சு போன மேய்ச்சல் நிலத்துல கொட்டுச்சு, லிமோனீன் நிறைஞ்ச தோலு அது. 16 வருசம் கழிச்சு போயி பாத்தவங்க, கொட்டாத பக்கத்து நிலத்த விட இங்க மரங்களோட எடை 176 சதவீதம் கூடுதல்னு 2017ல எழுதினாங்க. கொட்டினது திறந்த வெளியில, மேல காத்தும் மழையும் பட்டுக்கிட்டு, யாரும் புதைக்கல.

ஆனா அவங்களுக்கு 16 வருசம் இருந்துச்சு, நமக்கு அடுத்த போகம் இருக்கு. சக்கைல கார்பன் ரொம்ப அதிகம், நைட்ரஜன் கம்மி, அத திங்க வர்ற பாக்டீரியா தன் உடம்ப கட்டறதுக்கு மண்ணுல இருக்குற நைட்ரஜன எடுத்துக்கும், டெர்பீனும் கார்பன்தானே, அதுவும் இந்த பசிய கூட்டும். பூண்டு, கேரட், பீன்ஸ் போடுற பாத்தில பச்ச சக்கைய கலந்து உழுதா பயிர் கொஞ்ச நாளுக்கு மஞ்சளா நிக்கும், அப்ப ஆளுங்க தைலம் விசமாயிருச்சுன்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் அது நைட்ரஜன் பசி. அதனால மூடாக்குன்னா மண்ணு மேல மட்டும், மண்ணுக்குள்ள கலக்காம, ஆரஞ்சு, பிளம்ஸ், பேரிக்கா மரத்தடிக்கும் ஏலம், காப்பிச் செடிக்கும் தண்டுல ஒட்டாம ஒரு சாண் தள்ளி. புல்லுத் தோட்டத்துக்கே திருப்பி போட்டாலும் ரொம்ப நல்லது. காய்கறிப் பாத்திக்கு வேணாம்.

குவியல் போட்டு மக்க வைக்கிறது. எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா டெர்பீன திங்கிற பாக்டீரியாவுக்கு தேவையான எல்லாத்தையும் நம்ம கையாலயே அமைச்சு குடுக்குற ஒரே வழி இதுதான். சக்கைய விரல் நீளத்துக்கு நறுக்கணும், நீளமா இருந்தா அடுக்கு அடுக்கா படுத்துக்கிட்டு ஓல வேஞ்ச கூரை மாதிரி தண்ணிய உள்ள விடாது. நைட்ரஜனுக்கு பச்ச மாட்டுச் சாணி, கோழி எரு கெடச்சா இன்னும் வேகம், வேலில நிக்கிற கிளைரிசிடியா தழையும் போடலாம். கார்பன் நைட்ரஜன் விகிதம் 25க்கு 1ல இருந்து 30க்கு 1 வரைக்கும் வந்தா பாக்டீரியாவுக்கு சௌரியம், கண் கணக்குல சொல்லணும்னா மூணு கூட சக்கைக்கு ஒரு கூட சாணியும் ஒரு கூட பச்சத் தழையும் வச்சு ஆரம்பிச்சு பாருங்க. உயரம் ஒரு மீட்டர்ல இருந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும். அதுக்கு மேல போனா கீழ அமுங்கி காத்து போகாது, ரொம்ப கம்மியா இருந்தா காந்தளூர் குளிருக்கு சூடே ஏறாது. ஈரம், கையில எடுத்து இறுக்கி புழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வர்ற பதம். மறையூர் காத்துக்கு மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சிரும், வாழ இலையோ பழைய சாக்கோ போட்டு மூடி வைங்க, பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கி கட்டிராதீங்க, அது காத்த அடைச்சிரும்.

நல்லா போட்ட குவியல் சில நாள்லயே 55, 60 டிகிரிக்கு ஏறும். ஒரு இரும்புக் கம்பிய நடுவுல குத்தி பத்து நிமிசம் கழிச்சு உருவி தொட்டு பாருங்க, கை வைக்க முடியாம இருந்தா சரியா வேலை நடக்குது. அந்த சூட்டுல ரெண்டு காரியம் ஒண்ணா நடக்கும், மிச்ச தைலத்துல ஒரு பகுதி ஆவியா வெளிய போகும், ஒரு பகுதிய பாக்டீரியா திங்கும். முதல் வாரம் குவியல் பக்கத்துல நின்னா எலுமிச்ச வாசம் தூக்கும், அப்புறம் கொறஞ்சுக்கிட்டே வரும், வாசம் போயி மண்ணு வாசம் வந்துச்சுன்னா டெர்பீன் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். இடையில புளிச்ச நாத்தமோ அழுகுன முட்ட நாத்தமோ வந்தா உள்ள காத்து தீந்து போச்சு, உடனே பிரட்டணும். முதல் மாசம் வாரத்துக்கு ஒரு தடவ பிரட்டினா போதும், மூணு நாலு மாசத்துல கருப்பா பொலபொலன்னு வந்துரும். இன்னொண்ணு, அடுப்புச் சாம்பல கொண்டு வந்து சாணி போட்ட குவியல்ல கொட்டாதீங்க, காரத்தன்ம ஏறி நைட்ரஜன் அமோனியாவா பறந்துரும், மூக்குல ஏறுற நெடி அதுதான். சாம்பல் தனியா காட்டுக்கு போகட்டும்.

கடையில பாக்கெட்ல விக்கிற மக்க வைக்கிற கல்ச்சர் வாங்கணுமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. அதுல பெரும்பாலும் நார்ப்பொருள உடைக்கிற வகைதான் இருக்கும். டெர்பீன திங்கிறது வேணும்னா உங்க பழைய குவியல்ல இருந்து ரெண்டு கூட எடுத்து புதுக் குவியல்ல கலந்து விடுங்க, தைலம் எங்க விடாம இருக்கோ அங்க அத திங்க தெரிஞ்ச பாக்டீரியாவும் வந்து குடியேறும். வட அமெரிக்காவுல பைன் மரத்த துளைக்கிற ஒரு வண்டு இருக்கு, பைன் பிசின் முழுக்க டெர்பீன், அத தின்னும் வண்டு உயிரோட இருக்கு, அதோட சேந்து வாழுற பாக்டீரியாவ ஆராய்ஞ்சு பாத்தப்ப டெர்பீன உடைக்கிற ஜீன்கள் நெறைய கெடச்சுது. அண்டா வச்ச எடத்துல வருசக்கணக்கா சக்கை கொட்டி கருத்துப் போன மண்ணு இருக்குமே, அதோட மதிப்பு பாக்கெட்ட விட ஜாஸ்தி.

மண்புழு உரம் போடுறதும் இதோட தொடர்ச்சிதான். லக்னோவுல இருக்குற சிமாப்ங்கற மருந்து, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வாசனைப் பயிர் சக்கைல மண்புழு உரம் தயாரிக்கிறத ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வருது. புழு டெர்பீன் வாசத்துக்கு ஓடிரும், சூட்டுலயும் செத்துரும், அதனால முதல்ல மூணு நாலு வாரம் குவியல்ல மக்க வச்சு வாசமும் சூடும் அடங்கின பின்னாடிதான் புழு விடணும். விக்கிறதுக்கு பண்றவங்க இதுக்கு போகலாம், சொந்தக் காட்டுக்கு சாதா குவியலே போதும்.

கேஸ் டேங்க். வீட்ல மாடு வச்சு சாணி எரிவாயு டேங்க் கட்டினவங்க சக்கையும் போடலாமான்னு கேக்குறாங்க. இங்கதான் கவனமா இருக்கணும், டேங்குக்குள்ள காத்தே கிடையாது, அங்க மீத்தேன்ங்கற எரியிற வாயுவ தயாரிக்கிற கூட்டம் பாக்டீரியாவே இல்ல, ஆர்க்கியான்னு வேற இனம், ரொம்ப நாசூக்கான இனம். ஆரஞ்சு தோல டேங்குல போட்டு பாத்தவங்களுக்கு லிட்டருக்கு சில நூறு மில்லிகிராம் லிமோனீன் சேந்தாலே கேஸ் கொறைய ஆரம்பிக்குதுன்னு தெரிய வந்துச்சு. அதனால அவங்க தோல ஆவில வச்சு எண்ணெய எடுத்துட்டு அப்புறம் டேங்குல போடுறாங்க, நாம அந்த முதல் வேலைய ஏற்கனவே பண்ணித்தான் சக்கைய வெளிய எடுக்குறோம், அது நமக்கு நல்ல விசயம்.

ஒரு கணக்கு போடுவோம். 100 கிலோ புல்லுல இருந்த 300, 500 கிராம் தைலத்துல பத்துல ஒரு பங்கு சக்கைலயே தங்கிருச்சுன்னு வச்சுக்கிட்டா கிலோவுக்கு 300ல இருந்து 500 மில்லிகிராம். 100 லிட்டர் சாணிக் கரைசலுக்கு 10 கிலோ சக்கை போட்டா லிட்டருக்கு 30, 50 மில்லிகிராம்தான், தாங்கும். அதே கரைசலுக்கு 50 கிலோ போட்டா 150ல இருந்து 250 வந்துரும், லிமோனீன் தொந்தரவு குடுக்க ஆரம்பிக்கிற அளவ நெருங்கியாச்சு, சிட்ராலோ இன்னும் காரமான ஆளு. அவசரத்துல ஆவிய பாதில நிறுத்தின ஈட்டுச் சக்கைன்னா இன்னும் மோசம். அதனால போடுறவங்க நல்லா காத்தாட ரெண்டு நாள் பரப்பி வச்சு, பொடியா நறுக்கி, சாணி பத்து பங்குக்கு ஒரு பங்குக்கு மேல போகாம, முதல்ல அதுலயும் பாதில ஆரம்பிச்சு மெல்ல மெல்ல கூட்டுங்க, உள்ள இருக்குற கூட்டம் பழக நாள் எடுக்கும். சுடர் தளர்ந்துச்சுன்னா சக்கைய நிறுத்தி வெறும் சாணி விடுங்க. இதெல்லாம் பண்ணியும் நார் மேல மெதந்து தோல் கட்டுறது ஒரு தலவலி, குளிர் காலத்துல மலைல டேங்க் சும்மாவே மந்தமா இருக்குறது இன்னொரு தலவலி. கேஸுக்காக சக்கைய நம்பி புதுசா டேங்க் கட்டுறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், இருக்குற டேங்குல கொஞ்சம் சேத்துக்கலாம், அவ்வளவுதான்.

மாட்டுக்கு போடுறது பத்தி ரெண்டு வரி. மாட்டோட ரூமன்ங்கற முதல் வயித்துலயும் காத்து கெடையாது, அங்கயும் ஆர்க்கியா இருக்கு, கதை கேஸ் டேங்க் மாதிரிதான். நல்லா காஞ்ச சக்கைய வைக்கோலோட கொஞ்சம் கலந்து குடுத்தா சில மாடு திங்கும், சத்து வைக்கோல் அளவுக்குத்தான், கறவை மாட்டுக்கு அத நம்பி தீவனத்த கொறைக்காதீங்க. காளான் வளக்குறவங்க சிப்பிக் காளானுக்கு இத படுக்கையா போடுறாங்க, அது பூஞ்சான வேலை, நல்லாவே வரும், ஆனா ஒரு ஈட்டுச் சக்கை அளவுக்கு காளான் போடுறவங்க நம்ம பக்கம் எத்தன பேர்.

யூகாலி மரத்துக்கும் அதுல ஒரு வகையான கிராண்டிஸுக்கும் உள்ள எலைக்கு இதே கணக்கு பொருந்துமான்னா பாதிதான் பொருந்தும். ஊட்டி பக்கம் தைலம் எடுக்குறது குளோபுலஸ்ங்கற இன்னொரு யூகாலி வகை மரம், அதுல சினியோல்தான் பெரும்பங்கு, அது ரெண்டு பக்கமும் பூட்டுப் போட்ட வளையம் மாதிரி இருக்குறதால சிட்ரால விட பாக்டீரியாவுக்கு கஷ்டம். ஆனாலும் சிட்ரோபாக்டர் பிராக்கினு ஒண்ணு சினியோல மட்டுமே தின்னு வளருது, அதுக்கும் ஒரு பி450 என்சைம்தான் காத்துல இருக்குற ஆக்சிஜன வச்சு பூட்டத் தொறக்குது. காந்தளூர், வட்டவட பக்கம் கிராண்டிஸ் மரத்த வெட்டிட்டு மறுபடி காய்கறி போடுறவங்களுக்கு நான் சொல்றது, கீழ கெடக்குற எலைல தைலத்த விட மெழுகும் துவர்ப்புப் பொருளும்தான் பெரிய தொந்தரவு, தைலம் சில வாரத்துல போயிரும், அந்த ரெண்டும் மாசக்கணக்குல நிக்கும். எலைய உழுது உள்ள தள்ளிட்டு உடனே பூண்டு ஊனாதீங்க, ஒதுக்கி குமிச்சு சாணியோட ஒரு வருசம் மக்க விட்டு அப்புறம் போடுங்க.

இப்ப முடிவு. அண்டா ஒண்ணு வச்சு சின்ன அளவுல எடுக்குற குடும்பம்னா, அடுப்புக்கு வேணுங்கறத காய வச்சு எடுத்துக்கிட்டு மிச்சத்த மரத்தடிக்கும் புல்லுத் தோட்டத்துக்கும் மூடாக்கா போட்டுருங்க, குவியல் பிரட்ட ஆள் கூலி குடுத்தா கட்டாது. பூண்டு, காய்கறி போடுறவங்க, மாடு ரெண்டு மூணு இருக்குறவங்க கண்டிப்பா குவியல்தான், அதுக்கு ஈடு வேற எதுவும் இல்ல. குழுவா சேந்து பெரிய அளவுல எடுக்குற எடத்துல குவியல்ல பாதிய மண்புழு உரமாக்கி வித்தா கூலியாவது வரும். டேங்க் ஏற்கனவே வச்சிருக்குறவங்க சாணில பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம சக்கைய சேத்துக்கலாம். எந்தக் கணக்குலயும் சக்கைய குழி தோண்டி அமுக்கி மூடுறது வரல, காத்து இல்லாம வருசக்கணக்கா புளிச்சுப் போயி கெடக்கும்.

சக்கையோட சேந்து வர்ற இன்னொண்ணையும் சொல்லிர்றேன், அண்டாவுக்கு அடியில மிஞ்சுற பழுப்புத் தண்ணியும், தைலத்த பிரிச்ச பின்னாடி நிக்கிற வாசனத் தண்ணியும். இத ஓடைல விடுறத பல எடத்துல பாக்குறேன், நம்ம ஓடை எல்லாம் பாம்பாறுல சேருது, பாம்பாறு கெழக்க ஓடி அமராவதி அணைக்கு போகுது, உடுமலை தாராபுரம் பக்கம் நம்ம சொந்தக்காரங்க குடிக்கிறதும் வயலுக்கு பாய்ச்சுறதும் அந்த தண்ணிதான். கரைஞ்ச தைலம் மீனுக்கு ஆகாது, பழுப்புத் தண்ணி ஓடைல இருக்குற ஆக்சிஜன மொத்தமா இழுத்துக்கும். அந்த தண்ணிய ஆற விட்டு குவியல் மேலயே ஊத்துங்க, குவியலுக்கு ஈரம் எப்படியும் வேணும், அத திங்க தெரிஞ்ச கூட்டமும் அங்கதான் இருக்கு. குவியல் போடாதவங்க முழங்கால் ஆழத்துக்கு அகலமா ஒரு குழி எடுத்து சல்லியும் பழைய சக்கையும் நெரப்பி, ஓடைல இருந்து நல்லா தள்ளி, அதுல கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, மேல மண்ணு போட்டு மூடாதீங்க.